துப்பாக்கி உரிமம் ரைபிள் கிளப்பில் தொடங்குகிறது

கேள்வி: எனக்கு 36 வயது. கரூர் மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன வருடம் உறவினர் ஒருவரோடு ரைபிள் கிளப்புக்குப் போய் ஏர் ரைபிள் சுட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. பதக்கம் வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குச் சொந்தமாக ஒரு பாயிண்ட் 22 ரைபிள் வேண்டும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து என்று எழுதினால்தான் லைசென்ஸ் கிடைக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பணம் கொடுத்தால் வெளிமாநிலத்தில் எடுத்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். எங்கள் அப்பாவுக்கு 73 வயது. பல வருடங்களுக்கு முன் லைசென்ஸோடு வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நான் பயிற்சிக்குப் போகலாமா? என் 13 வயது மகளும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆயுதச் சட்ட வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். ரைபிள் கிளப் உறுப்பினரும்கூட. இந்தக் கேள்வியோடு என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர், முதலில் லைசென்ஸ், அப்புறம் துப்பாக்கி, அதற்குப் பிறகு கிளப் என்ற வரிசையில் யோசித்துக்கொண்டு வருகிறார்கள். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் கிளப்பில் சேருங்கள். சட்டமே அந்த வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவை உங்கள் தெரிந்தவர் படித்திருக்க மாட்டார். மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர், குறி சுடும் பயிற்சிக்காகப் பாயிண்ட் 22 ரைபிளோ (0.22 அங்குலக் குழல், வெடிமருந்துத் தோட்டாவில் சுடுவது) ஏர் ரைபிளோ (காற்றழுத்தத்தில் சுடுவது) கேட்டு விண்ணப்பித்தால், உரிமம் 'வழங்க வேண்டும்' என்கிறது அது. மறுப்பதற்கான காரணங்கள் 14ஆவது பிரிவில் தனியாக இருக்கின்றன: பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ கேடு வரும், விண்ணப்பதாரர் சட்டப்படி தடை செய்யப்பட்டவர், மனநலம் குன்றியவர், ஏதோ ஒரு வகையில் தகுதியற்றவர் என்று அதிகாரி கருத வேண்டும். அப்படி மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். சொத்து போதவில்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

கைத்துப்பாக்கி கேட்டால் கதை வேறு. பிஸ்டல், ரிவால்வர் போன்றவற்றுக்கு, தகுந்த காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். உயிருக்கு ஆபத்து, மிரட்டல் கடிதம், எஃப்ஐஆர் நகல் என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் அந்த வகையில்தான் வருகிறது. அதைக் கேட்டுப் பழகியவர்கள் எல்லா உரிமத்துக்கும் அதுதான் வழி என்று சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் கேட்பது பாயிண்ட் 22 ரைபிள். உங்களுக்கு அந்தக் காரணம் தேவையே இல்லை.

தேவையில்லாததோடு ஆபத்தும்கூட. இல்லாத மிரட்டலை விண்ணப்பத்தில் எழுதினால், காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வரும்போது அது பொய் என்று தெரிந்துவிடும். பிறகு உண்மையான காரணத்தோடு எத்தனை முறை போனாலும் உங்கள் கோப்பில் அந்தப் பொய் உட்கார்ந்திருக்கும். உண்மையை மறைத்தோ தவறான தகவல் தந்தோ வாங்கியது என்று பின்னால் தெரிந்தாலும் உரிமத்தை ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நோக்கம் என்ற இடத்தில் 'குறி சுடும் பயிற்சி' என்று எழுதுங்கள். அது கௌரவமான, சட்டம் ஒப்புக்கொண்ட காரணம்.

வெளிமாநில லைசென்ஸ் பற்றிச் சொன்னவரோடு இனி இதைப் பேசவே வேண்டாம். 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் சுமார் 2.78 லட்சம் உரிமங்கள் தகுதியில்லாதவர்களுக்கு வழங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து சிபிஐ விசாரணை நடந்தது. பணம் கொடுத்து வாங்கிய காகிதத்தை நம்பித் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பவர், சட்டத்தின் பார்வையில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பவராக ஆகிவிடலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத துப்பாக்கிக்குக் குறைந்தபட்சச் சிறைத்தண்டனையே 2 ஆண்டு. உங்கள் வேலையும் அதோடு போய்விடும்.

சரி, கிளப்புக்கு வருவோம். அங்கீகாரம் என்று சொன்னேனே, அதை நேரில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவில் இந்த விளையாட்டின் தலைமை அமைப்பு 1951இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கம். மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர்தான் அதன் முதல் தலைவர். அவர் பெயரில் இன்றும் அகில இந்தியப் போட்டி நடக்கிறது. நம் மாநிலத்தில் அதன் கீழ் தமிழ்நாடு ஷூட்டிங் சங்கமும், அதோடு இணைந்த மாவட்ட, நகர ரைபிள் கிளப்புகளும் இருக்கின்றன. கரூரிலிருந்து திருச்சி, கோவை, மதுரை மூன்றும் போய்வரக்கூடிய தூரம்தான். வணிக வளாகங்களில் காசு கொடுத்துப் பத்து குண்டு சுடும் இடங்கள் பொழுதுபோக்குக்குச் சரி. அங்கே வாங்கிய உறுப்பினர் அட்டை உரிம விண்ணப்பத்துக்கு உதவாது. சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். கிளப்புக்குச் சொந்தமாகப் பாயிண்ட் 22 ரைபிள்கள் இருக்கின்றனவா, அவற்றைச் சுடுவதற்கான 50 மீட்டர் ரேஞ்ச் இருக்கிறதா, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி நடத்திச் சான்றிதழ் தருவார்களா. 10 மீட்டர் ரேஞ்ச் மட்டுமே உள்ள கிளப்பில் சேர்ந்துவிட்டுப் பாயிண்ட் 22 கேட்டால், 'எங்கே சுடுவீர்கள்' என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

சேர்ந்த பிறகு கிளப்பின் ஆயுதங்களை வைத்தே ரேஞ்சுக்குள் பயிற்சி எடுக்கலாம். அதற்கு உங்களுக்குத் தனி உரிமம் வேண்டாம். முதல் ஒரு வருடமாவது ஏர் ரைபிளில் இருங்கள் என்பது என் உறுதியான யோசனை. இது சட்டம் சொல்வது இல்லை, நான் சொல்வது. நிற்கும் நிலை, மூச்சு, விசையை அழுத்தும் விதம் மூன்றும் அதில்தான் படியும். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போனதும் இதே பிரிவில். ஏர் ரைபிள் என்றால் பிள்ளைகள் விளையாடுவது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

செலவிலும் நிம்மதி. ஏர் ரைபிளில் போடும் சிறு குண்டான பெல்லட் 500 கொண்ட டப்பாக்களில் வருகிறது. பாயிண்ட் 22 தோட்டாவோடு ஒப்பிட்டால் ஒரு குண்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. தோட்டா வாங்குவதற்கு உரிமத்தில் எழுதிய வரம்பு உண்டு: ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று. ஞாயிறுதோறும் மனசு போல் சுட வேண்டுமென்றால் ஏர் ரைபிள்தான் தோது.

சொந்தமாக ஏர் ரைபிள் வாங்குவதற்கு உரிமம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர், அதாவது பாயிண்ட் 177 குழல் அளவுக்குள்ளும், குண்டு வெளியேறும்போது அதற்குள்ள குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக் வகை ஏர் ரைபிளின் ஆற்றல் சுமார் 8 ஜூல்தான், அதனால் அது பிரச்சினையே இல்லை. ஆனால் 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளும் சந்தையில் இருக்கிறது. அதையும் பாயிண்ட் 22 என்றே சொல்வார்கள். அது காற்றில் இயங்குவதுதான் என்றாலும் உரிமம் வேண்டும். 'ஏர்கன்தானே' என்று வாங்கிவிட்டு வழக்கோடு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். எதை வாங்கினாலும் அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து, மாடலும் குழல் அளவும் எழுதிய பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உரிமம் வேண்டாத ஏர் ரைபிளை வைத்துக்கூட தோட்டத்து மயிலையோ, காட்டுப் பன்றியையோ சுட்டால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைக்குப் போக நேரிடும். கிராமத்தில் வீடு என்றால் 'ஒரு தடவை சுட்டுக் காட்டு' என்று கேட்கும் சொந்தக்காரர்கள் கட்டாயம் இருப்பார்கள். மறுத்துவிடுங்கள்.

கிளப்பில் ஒழுங்காக ஒரு வருடம் வந்துபோன பிறகு விண்ணப்பியுங்கள். அப்போது உங்கள் கையில் உறுப்பினர் சான்று, வருகைப் பதிவு, மாவட்ட அளவில் சுட்டிருந்தால் அந்த ஸ்கோர் தாள் எல்லாம் இருக்கும். 'இவருக்கு எதற்குத் துப்பாக்கி' என்று கேட்கும் அதிகாரிக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. படிவம் ஏ-1. மத்திய அரசின் ஆயுத உரிம இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உரிமம் வழங்குபவர் உங்கள் விஷயத்தில் மாவட்ட ஆட்சியர். சென்னைவாசி என்றால் காவல் ஆணையர். வயது 21 நிறைந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது கேள்வியே இல்லை. அடையாளம், முகவரி, பிறந்த தேதிக்கான சான்றுகள், உடல்நலமும் மனநலமும் சரியாக உள்ளன என்ற மருத்துவச் சான்று, எஸ்-1 என்னும் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும்.

பிறகு விசாரணை. காவல் துறை அறிக்கையோடு வருவாய்த் துறை அறிக்கையும் கேட்பது நம் மாவட்டங்களில் வழக்கம். வீட்டுக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டி ஏற்கெனவே இருந்தால் காட்டுங்கள். விதிப்படி காவல் துறை 30 நாளில் அறிக்கை தர வேண்டும். அது வந்த 60 நாளில் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். நடைமுறையில் இழுக்கும். மாதம் ஒரு முறை எழுத்தில் நினைவூட்டுங்கள், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தோடு கூடிய ஆணையைக் கேட்டு வாங்கி, 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். காரணமே சொல்லாத மறுப்பாணை மேல்முறையீட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ நிற்பது கடினம். ஆனால் நாள் தவறிவிட்டால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

கிடைத்த உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். 2019 வரை 3 ஆண்டாக இருந்தது. அதே திருத்தம் சாதாரண உரிமதாரர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. போட்டியாளர்களுக்கு 2020 பிப்ரவரியில் விதியைத் தளர்த்தினார்கள். தகுதி ஸ்கோர் எடுத்து, வளரும் போட்டியாளர் என்ற வகைக்குள் வந்தவர் அந்த இரண்டுக்கு மேல் இன்னும் இரண்டு வைத்திருக்கலாம். அதற்கும் மேலே உள்ளவர்களுக்கு 12 வரை போகிறது. போட்டி வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் மாநிலப் போட்டியில் ஒரு தடவையாவது சுட்டுப் பாருங்கள். விருப்பம் மாறலாம், மாறாவிட்டாலும் அந்தச் சான்றிதழ் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பேசும்.

இப்போது அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி. அதை நீங்கள் தனியாக எடுத்துக்கொண்டு போகக் கூடாது. மகள் என்பதால் சட்டத்தில் எந்தச் சலுகையும் இல்லை. உரிமதாரர் கூட இருக்கும்போதோ, அவர் எழுத்தில் அனுமதி தந்தோ, பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் அவருடைய உபயோகத்துக்காகவும் இன்னொருவர் துப்பாக்கியைச் சுமந்து செல்லலாம். அவ்வளவுதான் விலக்கு. உங்கள் பயிற்சிக்காக நீங்கள் எடுத்துப் போனால் நீங்கள் உரிமமில்லாமல் வைத்திருந்தவர். அவர் உரிம நிபந்தனையை மீறியவர். இரண்டு பேருக்கும் வழக்கு.

ஆனால் சட்டப்படி அதை உங்கள் பெயருக்கு மாற்ற நல்ல வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டால், அல்லது 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவரை நியமித்து அவருக்கு உரிமம் கேட்கலாம். அப்பா வயதிலேயே தகுதி பெற்றுவிட்டார். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் இப்போதே ஆட்சேபமில்லை என்று எழுதி வாங்குங்கள். அப்பா காலத்துக்குப் பிறகு இதைச் செய்வதாக விட்டுவைத்த குடும்பங்களில், துப்பாக்கி காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்கப்பட்டு வருடக்கணக்கில் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மாற்றிக்கொண்டால் உங்கள் இரண்டில் ஒன்று அது.

அதை வைத்து என்ன சுடலாம் என்பதும் முக்கியம். 12 போர் என்னும் குழல் அளவுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி காகித இலக்குக்கானது கிடையாது. பறந்து போகும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப், ஸ்கீட் வகைகளுக்கானது. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது ட்ராப். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அந்தப் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். நல்ல விளையாட்டு, ஆனால் வேறு ரேஞ்ச், வேறு பயிற்சி. பழைய துப்பாக்கி என்பதால், ஒரு தோட்டா போடும் முன் உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் குழலையும் பூட்டையும் காட்டியாக வேண்டும். அங்கேயும் அப்பா கூட வர வேண்டும், அல்லது அவருடைய எழுத்து அனுமதி கையில் இருக்க வேண்டும்.

மகள் விஷயம் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது. 13 வயதில் ஏர் ரைபிள் தாராளமாகக் கற்கலாம். 12 வயது நிறைந்த பிள்ளைகள் பெரியவரின் நேரடி மேற்பார்வையில் துப்பாக்கிப் பயிற்சி எடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அவளைச் சேர்க்கும்போது முதல் மாதம் ஸ்கோர் கேட்காதீர்கள். குழல்வாய் எப்போதும் இலக்கின் பக்கம் இருக்கிறதா, சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்கிறதா, நிறுத்தச் சொன்னதும் குழல் காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக்கைக் குழலுக்குள் போட்டுவிட்டு நகர்கிறாளா என்பதை மட்டும் பாருங்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். வேறு கிளப் தேடுங்கள்.

வீட்டில் ஒரு வளரும் பிள்ளை இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில், சாவி உங்களிடம் மட்டும். பரீட்சை மார்க்குக்கும் சண்டைக்கும் மனம் உடையும் வயது அவளுக்கு வரப்போகிறது. வீட்டில் யாராவது குடிப்பவராக இருந்தாலோ, மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, துப்பாக்கியை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். கிளப்பில் ஆயுத அறை இருந்தால் அங்கேயே வைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த வசதி இல்லையென்றால் இன்னும் சில வருடம் கிளப் ரைபிளிலேயே சுடுங்கள். எந்தப் பயிற்சியும் அதனால் குறைந்துவிடாது.

தேர்தல் அறிவிப்பு வரும்போது துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டி இருந்தால் சங்கத்தின் கடிதத்தோடு முன்கூட்டியே விலக்கு கேளுங்கள். இல்லையென்றால் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அந்த மாதங்களில் ஏர் ரைபிள் கைகொடுக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அப்பாவின் உரிமப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். எந்தத் தேதி வரை புதுப்பித்திருக்கிறது, தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் அதில் ஏறியிருக்கிறதா என்று. பழைய கையெழுத்துப் புத்தகங்கள் பலவற்றில் அந்த எண் இருக்காது. எண் இல்லாத உரிமம் செல்லாது. அப்படி இருந்தால் வாரிசு மாற்றம், கிளப் எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமம் பார்க்கும் பிரிவுக்குப் போய் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்த ஒப்புகையின் நகலையும் உரிமப் புத்தகத்தின் முதல் இரண்டு பக்கங்களையும் அனுப்பினால், வாரிசு விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.